காப்புப் பாதி

கதவு மூடிய சத்தத்தை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கனமான கதவு, தானாகச் சாத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். அதற்குப் பின்னால் 'டக்' என்று இன்னொரு சின்னச் சத்தம் வந்தது. பூட்டு விழுகிற சத்தம். அதை வேறு எதுவாகவும் நினைக்க வழியில்லை.

"டேய், போய்ப் பாரு," என்றாள் அக்கா.

பார்த்தேன். கதவின் உள்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு குமிழ் இருந்தது. தள்ளினால் திறக்கும் என்று மேலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கடைசியில் என் நூற்றுப் பன்னிரண்டு கிலோவையும் மொத்தமாகக் கொடுத்துத் தள்ளினேன். கதவு ஒரு மயிரிழை நகர்ந்து, வெளியே மாட்டியிருந்த கொண்டியில் இடித்து நின்றுவிட்டது.

"அக்கா, யாரோ நம்மளை ஃப்ரிட்ஜுல வெச்சிட்டாங்க."

நான் சொன்னது கிண்டல் இல்லை. கடல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர் அறை அது. எந்நேரமும் நாலு டிகிரி. தரையிலிருந்து கூரைவரை இரும்புத் தட்டுகள், தட்டுகளில் நீள நீளமாகப் பிளாஸ்டிக் உறை போட்ட கடல் சேறு. மொத்தம் அறுநூறு துண்டுகள், கோர் என்பார்கள். அவற்றுக்கு நடுவில் உயிருள்ளவர்கள் நாங்கள் மூன்று பேர்.

ஒருத்தி என் அக்கா. துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்றால் அவளும் நானும்தான். நான் பன்னிரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் விற்றுப் பார்த்துவிட்டு, யாருமே சாகத் தயாராக இல்லை என்று தெரிந்ததும் அவளோடு சேர்ந்துகொண்டேன். மூன்றாவது ஆள் எங்கள் கட்சிக்காரி. இந்த நிலையத்தில் பதினோரு வருஷமாகப் பெல்லட் என்ற சேற்று மாத்திரை அழுத்துகிறவர், அதனால் எல்லோருக்கும் அவர் பெல்லட்டம்மா. ஒரு மாதமாகத் தற்காலிக வேலை நீக்கத்தில் இருக்கிறார்.

பெல்லட்டம்மா கதவுப் பக்கம் வரவே இல்லை. நின்ற இடத்திலேயே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பூட்டைச் சாவியோட வெளியவே தொங்க விட்டுட்டேன் மேடம். பதினோரு வருஷப் பழக்கம். திறந்தா பூட்டைக் கொண்டியிலயே மாட்டிட்டு உள்ள வருவேன்."

"சாவியோடவா?"

"சாவியோடதான்."

"அப்போ நம்மளைப் பூட்டினவருக்கு வேலை மிச்சம்," என்றேன். "வந்தாரு, ஒரு திருகு திருகினாரு, சாவிய உருவிக்கிட்டுப் போயிட்டாரு."

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. பன்னிரண்டு மணிக்கு மாடியில் விசாரணைக் கமிட்டி கூடுகிறது. பெல்லட்டம்மா நேரில் வராவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று கடிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வேலை போகும், போலீஸ் புகாரும் உண்டு. 'கடலைப் பற்றிப் பொய் அளவு எழுதியவர்' என்ற பட்டத்தோடு இந்தத் தொழிலில் வேறு எங்கே போய் நிற்பது?

மூன்று பேரும் போனை எடுத்துப் பார்த்தோம். சுற்றிலும் தகரத்தில் செய்த சுவர். ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. கதவில் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. அதில் பனி படர்ந்திருந்தது. துடைத்துப் பார்த்தேன். காலி வராந்தாவும் ஆணியில் தொங்கும் மூன்று கம்பளிச் சட்டைகளும் தெரிந்தன. குளிர் அறைக்குள் போகிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைகள். ஐந்து நிமிஷ வேலைக்கு எதற்கு என்று விட்டுவிட்டு வந்தது நான்தான்.

"நாம உள்ள வந்தது யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் அக்கா.

"யாருக்கும் தெரியாது மேடம். நான் இந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்கவே கூடாது. அதனாலதான் பின்பக்க கேட் வழியா கூட்டிட்டு வந்தேன்."

"இந்த அறைக்குச் சாவி?"

"என்கிட்ட ஒண்ணு. அவங்க திருப்பிக் கேட்க மறந்துட்டாங்க. பெரியவர்கிட்ட ஒண்ணு. கம்ப்யூட்டர் டாக்டர்கிட்ட ஒண்ணு."

பெரியவர் என்பது நிலையத் தலைவர். இந்த அறுநூறு சேற்றுத் துண்டுகளையும் முப்பது வருஷமாகக் கப்பலில் போய்ச் சேர்த்தவர். கம்ப்யூட்டர் டாக்டர் என்பது அவருக்குக் கீழே இருக்கும் விஞ்ஞானி. மஞ்சள் சட்டை, யாரையும் நிமிர்ந்து பார்க்காத கண். பெல்லட்டம்மாவின் மேல் புகார்க் கடிதம் எழுதியது அவர்தான்.

"ஆள் கிடைச்சாச்சு," என்றேன். "மஞ்சள் சட்டை. நேத்து வணக்கம் சொன்னேன், பதிலே சொல்லலை."

"வணக்கம் சொல்லாதவனையெல்லாம் பிடிச்சு உள்ள போடணும்னா உன் மாமாவை முதல்ல போடணும்," என்றாள் அக்கா. மாமா என்றால் அவள் வீட்டுக்காரர். "வந்த வேலைய முடிப்போம். அந்தத் துண்டு எங்கே?"

வந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத செடிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. டயாட்டம் என்று பெயர். சிலிக்கா என்ற பொருளை வைத்து, அதாவது கண்ணாடியால், தங்களுக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. செத்தால் வீடு அடியில் போய் விழும். (வாடகை வீடா, சொந்த வீடா என்று நான் கேட்டதற்குப் பெல்லட்டம்மா முதல் நாளே முறைத்துவிட்டார்.) கடல் நன்றாக இருந்தால் சேற்றில் கண்ணாடி அதிகம், கடல் நொந்துபோனால் குறைவு. அதை அளப்பதுதான் அவர் வேலை. சேற்றைக் காயவைத்து, ஒரு வெள்ளை உப்போடு சேர்த்து அரைத்து, அச்சில் போட்டு அழுத்தினால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மாத்திரை வரும். அதற்குள் அகச்சிவப்புக் கதிரை விட்டால், உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளும் தனக்குப் பிடித்த கதிரை மட்டும் விழுங்கிவிட்டு மீதியை வெளியே விடும். காகிதத்தில் மேடும் பள்ளமுமாகக் கோடு விழும். எந்த மேடு எவ்வளவு உயரம் என்று பார்த்தால் எவ்வளவு கண்ணாடி என்று தெரிந்துவிடும்.

துறைமுகத்துக்கு வெளியே எடுத்த ஒரு துண்டை அவர் அளந்தார். மேலே ஒரு சாண் சேறு, கடந்த முப்பது வருஷத்தில் படிந்தது. துறைமுகத்துக்கும் வயது முப்பது. அந்த ஒரு சாணில் மட்டும் கண்ணாடி பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கக் காத்திருந்த கம்பெனிக்கு அது கசந்தது. மறு அளவு கேட்டார்கள். முதல் தடவை அளந்து மீந்ததைப் பாட்டில்களில் போட்டு வைத்திருந்த அதே பொடியை மறுபடி அளந்ததில், குறைவே இல்லை என்று வந்தது. ஆகவே முதல் அளவை எழுதிய பெல்லட்டம்மா பொய்க்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் அந்த இரண்டாவது கோட்டில் ஒரு சின்ன மேடு கூடுதலாக இருந்தது. அறுநூற்று இருபது என்ற இடத்தில். அதை முதலில் பார்த்தவர் பெல்லட்டம்மாதான். நெருப்பில் வாட்டிய டயாட்டத்துக்குத்தான் அங்கே மேடு வருமாம்.

"கடலுக்கு அடியில அடுப்பு ஏது?" என்று அன்றைக்கே கேட்டாள் அக்கா. வழக்கு பாதி முடிந்ததாக நான் நினைத்தேன். நீச்சல் குளத்துத் தண்ணீரை வடிகட்ட ஒரு வெள்ளைப் பவுடர் விற்கிறார்கள். அதுவும் டயாட்டம்தான், மண்ணிலிருந்து தோண்டிச் சூளையில் வாட்டியது. யாரோ அதை வாங்கி வந்து பாட்டில்களில் கலந்திருக்கிறார்கள். கமிட்டியிடம் சொன்னபோது, மேடாவது பள்ளமாவது, மெஷினில் அழுக்கு என்று சொல்லி மூடிவிட்டார்கள்.

அழுக்கு இல்லை என்று காட்ட ஒரே வழிதான். கடலிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒன்று வேலைப் பாதி. அதில் வெட்டி எடுத்து அளப்பார்கள். இன்னொன்று காப்புப் பாதி. அதை யாரும் தொடமாட்டார்கள். எதிர்காலத்தில் சந்தேகம் வந்தால் சாட்சி சொல்ல அது அப்படியே குளிரில் கிடக்கும். அதில் ஒரு நகத்தளவு எடுத்துப் புது மாத்திரை செய்தால் உண்மை வெளியே வந்துவிடும்.

"இருந்தா அது பதினாலாவது தட்டுல, கீழ் வரிசையில இருக்கணும்," என்றார் பெல்லட்டம்மா. இருக்காது என்றே அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இருந்தது. உறை கிழியவில்லை, லேபிள் மாறவில்லை, ஒரு கீறல் கிடையாது. பெல்லட்டம்மா தரையில் உட்கார்ந்து அந்த உறையின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார்.

அக்காவுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சந்தேகப்படுவது அவளுக்குப் பிறவிக் குணம்.

"தப்புப் பண்ணினவருக்கு முழுசா ஒரு மாசம் இருந்துச்சு. கையில சாவி. இதைத் தூக்கிக் கடல்ல போட்டிருந்தா கதை முடிஞ்சது. ஏன் போடலை?"

"மறந்திருப்பான்," என்றேன்.

"பாட்டில் பாட்டிலா பவுடர் கலக்க ஞாபகம் இருந்தவனுக்கு இது மறக்குமா?"

மணி பதினொன்று. என் அரைக்கைச் சட்டைக்குள் குளிர் குடிபுகுந்துவிட்டது. பல் தானாக அடித்துக்கொண்டது. பெல்லட்டம்மாவின் உதடு வெளுத்துப்போயிருந்தது. இந்தக் குளிரில் ஒரு மணி நேரத்தில் யாரும் செத்துவிடமாட்டார்கள், அது எனக்குத் தெரியும். பன்னிரண்டு அடித்ததும் யாராவது தற்செயலாகத் திறப்பதுபோல் திறந்து, ஐயோ பாவம் என்பார்கள். அதற்குள் மேலே கையெழுத்தாகியிருக்கும். அந்த நினைப்புதான் குளிரைவிட அதிகமாகக் கடித்தது.

கால் கடுத்துப்போய் நான் பக்கத்துத் தட்டில் முதுகைச் சாய்த்தேன்.

"சார்! சாயாதீங்க!" என்று பெல்லட்டம்மா கத்தினார். நான் துள்ளிவிட்டேன். "உங்க முதுகுச் சூடு கோர் மேல படுது. அது இருபத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. சூடு பட்டா பூஞ்சை முழிச்சிக்கும், அப்புறம் அவ்வளவுதான்."

"அம்மா, இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க வேலையே போகப் போகுது. இந்தச் சேறு எக்கேடு கெட்டா என்ன?"

"அதுக்கு? அது என்ன பாவம் பண்ணிச்சு?"

அவர் சொன்ன விதத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது. தட்டைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஏம்மா, இந்த அறையில சூடு ஏறினா என்ன ஆகும்?"

"எட்டு டிகிரி தாண்டினா அலாரம் அடிக்கும் மேடம். வராந்தாவுல மணி. பெரியவர் போனுக்கும் கம்ப்யூட்டர் டாக்டர் போனுக்கும் தகவல் போகும், எத்தனை டிகிரின்னு."

"அடடா, இதை ஏன் முதல்லயே சொல்லலை?" என்று குதித்தேன்.

"சொல்லி என்ன சார் பிரயோஜனம்? அங்க பாருங்க."

கதவுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கையால் எழுதியது, அழகான எழுத்து. *அலாரம் அடித்தால் இந்தக் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் குளிர் வெளியேறிவிடும். நேராகப் பின்கட்டுக்குப் போய் கம்ப்ரஸரைப் பாருங்கள்.* கீழே பெரியவரின் கையெழுத்து.

"போன வருஷம் ரெண்டு தடவை அடிச்சுது. எல்லாரும் பின்கட்டுக்குத்தான் ஓடினோம். கதவை யாரும் தொடலை. தொட்டா பெரியவர் கொன்னுடுவாரு."

நான் தொப்பென்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். தப்பிக்க இருந்த ஒரே மணியும் ஆட்களை எங்களுக்கு எதிர்த் திசையில் ஓடவைக்கிற மணி. இப்படி ஒரு விதியை எழுதியவர் தலையில் இடி விழ என்று மனசார வைதேன்.

அக்கா சிரித்தாள். "சூட்டை அளக்கிற கருவி எங்கே இருக்கு?"

கூரையிலிருந்து ஒரு ஒயர் தொங்கியது. நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்புக் குச்சி.

"டேய், அந்தப் பெட்டி மேல ஏறு. குச்சிய உன் கக்கத்துல வெச்சுக்கோ."

"என்னது?"

"உன் பொண்டாட்டி என்ன சொல்லுவா? நீ பக்கத்துல படுத்தா போர்வையே வேண்டாம்னு சொல்லுவா இல்ல? ஏறு."

ஏறினேன். நாலு டிகிரி இரும்பை வெறும் கக்கத்தில் வைத்த அந்தக் கணத்தை நான் யாருக்கும் விளக்கிச் சொல்ல விரும்பவில்லை. வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

கதவுக்கு மேலே சிவப்பு எண் மினுக்கியது. ஐந்து. ஆறு. எட்டு.

"மெதுவா! சட்டுனு ஏத்தாதே. அறை கொஞ்சம் கொஞ்சமா சூடாகிற மாதிரி இருக்கணும். முப்பத்தாறு காட்டினா அது உன் கக்கம்னு சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும். எடு... போதும்... மறுபடி வை."

"அக்கா, இட்லி வேகுதான்னு பார்க்கிற மாதிரி என்னைப் பார்க்காதே."

ஒன்பதில் மணி அடித்தது. அப்பப்பா, என்ன சத்தம்! வராந்தா முழுக்க அதிர்ந்தது. மூன்று நிமிஷத்தில் யாரோ ஓடி வருகிற நிழல் தெரிந்தது. பெல்லட்டம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு இரண்டு கையாலும் கதவை அறைந்தார்.

மஞ்சள் சட்டை. கையில் போன், கண் போனில். எங்கள் கதவுக்கு ஒரு முழ தூரத்தில் ஓடினார். கதவின் கனம் ஒரு சாண், அதற்கு மேல் எங்கள் மணியின் சத்தம். அவர் காதில் ஒன்றும் விழவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

"பார்த்தியா! தெரியாத மாதிரி நடிக்கிறான்!" என்று பெட்டி மேலிருந்து கத்தினேன்.

"அவர் ஓடினது சரியான பக்கம்," என்றாள் அக்கா. "பத்துக்கு ஏத்து."

மணி பதினொன்று இருபத்தைந்து. மஞ்சள் சட்டை திரும்பி வரவில்லை. கம்ப்ரஸர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்த எங்களுக்கே கேட்டது. நன்றாக ஓடுகிற மெஷினில் கோளாறைத் தேடிக்கொண்டு அந்த மனுஷன் எத்தனை நேரம் நிற்பாரோ! பெல்லட்டம்மா கதவடியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டாம் மேடம். விட்டுடுங்க. என் தலையெழுத்து."

"பன்னெண்டு டிகிரிக்கு மேல போனா பூஞ்சை வருமா?"

"வரும்."

"டேய், பதிமூணு."

என் கை மரத்துப்போய்விட்டது. கக்கம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சிவப்பு எண் பதின்மூன்றுக்குப் போனது. அக்கா கதவின் பக்கவாட்டில் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். எதற்கு என்று கேட்க நினைத்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை.

பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பூட்டில் சாவி திரும்பியது.

கதவு திறந்தது. மணிச் சத்தத்தோடு சேர்ந்து பெரியவர் உள்ளே வந்தார். கமிட்டிக்காகப் போட்ட கோட்டு, கலைந்த தலை, மூச்சு இரைத்தது. தரையில் உட்கார்ந்திருந்த பெல்லட்டம்மாவை அவர் சுற்றிக்கொண்டு போனார். நேராகத் தட்டுகளுக்குப் போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு உறையாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் தொட்டார். எல்லாம் ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் நிம்மதி வந்தது, உடனே குழப்பமும் வந்தது. அவர் கண் கூரையிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, என் கக்கத்தில் வந்து நின்றது.

"வணக்கம் சார்," என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்கா வெளியே கையை நீட்டி, கொண்டியில் தொங்கிய பூட்டைச் சாவியோடு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் குச்சியை விட்டதும் எண் இறங்கி, மணி நின்றது.

"சார், அந்தத் தாள்ல எழுதியிருக்கிறது உங்க கையெழுத்துதானே?" என்று அக்கா கேட்டாள்.

அவர் தாளைப் பார்த்தார்.

"அலாரம் அடிச்சா கதவைத் தொடக் கூடாது. முப்பது வருஷமா ஊருக்கே சொன்னது நீங்க. கம்ப்யூட்டர் டாக்டர் அதன்படிதான் பின்கட்டுக்கு ஓடினார், ஏன்னா உள்ள ஆள் இருக்கிறது அவருக்குத் தெரியாது. நீங்க மட்டும் கம்ப்ரஸர் பக்கம் போகவே இல்லை. மெஷின்ல கோளாறு இல்லை, உள்ள இருக்கிற மூணு உடம்போட சூடுதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அது இந்தப் பூட்டைத் திருகினவருக்கு மட்டும்தான் தெரியும்."

நான் பெட்டியிலிருந்து இறங்கினேன். மஞ்சள் சட்டையிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"திறக்காமலே இருந்திருக்கலாம் நீங்க," என்றாள் அக்கா. "இன்னும் இருபது நிமிஷம். உங்களால முடியலை. காப்புப் பாதியத் தூக்கிப் போடவும் முடியலை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உங்க மேல சந்தேகமே வந்துச்சு. கம்பெனிக்காரனா இருந்தா அன்னிக்கே போட்டிருப்பான்."

பெரியவர் தட்டைப் பிடித்துக்கொண்டார். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. அவர் பேசியது அக்காவிடம் இல்லை, பெல்லட்டம்மாவிடம்.

"இந்தக் கட்டடத்தை இடிக்கப் போறாங்கம்மா. அறுநூறு கோரையும் வெக்க இடம் இல்லை, குப்பையில போடுங்கன்னு கடிதம் வந்துச்சு. துறைமுகக் கம்பெனி புதுக் குளிர் அறை கட்டித் தர்றேன்னாங்க. அந்த ஒரு அளவு மட்டும் குறுக்க நின்னுச்சு. ஒண்ணே ஒண்ணு. அறுநூறுக்காக ஒண்ணு."

"ஒண்ணு இல்லை சார், ரெண்டு," என்றார் பெல்லட்டம்மா. "கோர் ஒண்ணு. நான் ஒண்ணு."

அவர் எழுந்து நின்றார். இவ்வளவு நேரம் குளிரில் நடுங்கியவர், இப்போது நடுங்கவில்லை.

"நீ மேல போய்ச் சொன்னா இந்த மாசக் கடைசிக்குள்ள எல்லாம் போயிடும்மா. நீயும்தானே பதினோரு வருஷம் பார்த்துக்கிட்டே? உனக்கு வேற வேலை நான் வாங்கித் தர்றேன். நல்ல வேலை. இதுங்களுக்கு வேற யாரும் இல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அந்தத் தட்டிலேயே படுக்கவைத்து உறை போட்டிருப்பேன். ஆனால் பெல்லட்டம்மா தட்டுகளைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் முதுகுச் சூட்டுக்குக் கத்திய மனுஷி அவர். கதவு திறந்துதான் கிடந்தது. வெளியே போகத்தான் அவருக்குக் கால் வரவில்லை. இந்த இடத்தில் துப்பறிகிறவர்களுக்கு வேலை இல்லை.

"பொய்ச் சேத்தைப் பத்திரமா வெச்சு யாருக்கு சார் பிரயோஜனம்?" என்று கடைசியில் கேட்டார். "நாளைக்கு எவனாவது இதுல ஒண்ணை எடுத்து அளப்பான். இந்த நிலையத்து மண்ணா, அதுல பவுடர் கலந்திருப்பாங்கன்னு சொல்லுவான். அறுநூறும் போச்சே சார். நீங்கதானே போக்கினீங்க."

பெரியவர் அடி வாங்கியதுபோல் நின்றார். அக்கா கண்டுபிடித்தபோது ஆடாத மனுஷன் இதற்கு ஆடிவிட்டார்.

பெல்லட்டம்மா கீழ் வரிசையிலிருந்து அந்தத் துண்டை உறையோடு உருவி, சுவரோரம் இருந்த மேசையில் வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து சின்னக் கத்தி ஒன்றையும், தடித்த நோட்டு ஒன்றையும் எடுத்தார். காப்புப் பாதியில் யார் கை வைத்தாலும் அதில் எழுத வேண்டுமாம். ஆழம், தேதி, காரணம், எடுத்தவர் பெயர். அந்தத் துண்டுக்கான பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை.

"நீங்களே வெட்டுங்க சார். கடல்லேர்ந்து எடுத்தது நீங்க."

மணி பதினொன்று நாற்பத்தாறு. அவர் வெட்டமாட்டார் என்றே நினைத்தேன். வெட்டினார். உறையை விலக்கி, அளவுகோலை வைத்து, கத்தியைத் துடைத்து, மேல் சாணின் நடுவில் ஒரு நகத்தளவு எடுத்துப் பாட்டிலில் போட்டார். உறையைத் திருப்பி மூடினார். பிறகு பேனாவை எடுத்து நோட்டில் எழுதினார். பன்னிரண்டு சென்டிமீட்டர். இன்றைய தேதி. காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது.

*நான் கலந்த பொய்யைச் சரிபார்க்க* என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் தன் பெயரைப் போட்டார்.

மாத்திரை செய்து கதிர் விட இன்னும் அரை நாளாகும். அது இனி அவசரமில்லை. பெல்லட்டம்மா அந்த நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். மாடிப்படியில் ஓடவே தொடங்கிவிட்டார். அக்கா பின்னாலேயே போனாள்.

நான் ஒரு கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பெரியவர் வெளியே வரவில்லை. அந்தத் துண்டைத் தட்டில் திரும்ப வைத்து, உறையின் ஓரங்களை ஒவ்வொரு விரலாக அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சார், வாங்க. மேல கூப்பிடுவாங்க."

"வர்றேன். கதவைச் சாத்திட்டுப் போங்க தம்பி. குளிர் போகுது."

சாத்தினேன். பூட்டு அக்காவின் முந்தானையில் இருந்தது. என் கையில் இருந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.